கேப்டன் அனுபவம் கட்டாயமா?

கேள்வி: கேப்டனாக இருந்தவர்களை மட்டும் விமானியாக எடுத்தால் பயணிகளுக்குப் பாதுகாப்புதானே?
– ஒரு வாசகர், திருச்சி

பதில்: எல்லா நிறுவனமும் அப்படிக் கேட்டால் புதுக் கேப்டன் எங்கிருந்து வருவார் சார்? நம் நாட்டில் 200 மணி நேரம் பறந்து கமர்ஷியல் லைசென்ஸ் வாங்கியவர், முதலில் வலப்பக்க இருக்கையில் துணை விமானிதான். கேப்டனுக்கான லைசென்ஸுக்கு 1,500 மணி நேரம் வேண்டும். பெரும்பாலோர் அதை அங்கே உட்கார்ந்துதான் சேர்க்கிறார்கள். நேரடியாகக் கேப்டன் வேலைக்கே ஆள் எடுத்தால் அனுபவம் கேட்கட்டும், சரி.

ஆனால் 1977-ல் ஸ்பெயினின் டெனெரிஃபே தீவில் கேஎல்எம், பான் ஆம் என்ற இரண்டு நிறுவனங்களின் விமானங்கள் ஓடுபாதையிலேயே மோதி 583 பேர் இறந்தார்களே, அனுமதி வராமலே கிளம்பிய கேஎல்எம் கேப்டன் மூத்த பயிற்சியாளர். பான் ஆம் விமானம் இன்னும் ஓடுபாதையை விட்டு விலகவில்லையா என்று ஃப்ளைட் இன்ஜினீயர் கேட்டார். விலகியாச்சு என்று அடித்துச் சொன்னார் கேப்டன். நான் ஆள் எடுப்பதாக இருந்தால், பறந்த நேரத்தைக் குறித்த லாக்புக்கைப் புரட்டுவதோடு விட மாட்டேன். துணை விமானி 'வேண்டாம் சார்' என்றால் வேலைக்கு வந்தவர் என்ன செய்கிறார் என்று சிமுலேட்டரில் உட்காரவைத்துப் பார்ப்பேன்.