சுவரை மூடாதீர்கள், முதலில் காயவிடுங்கள்

ராமநாதபுரம் மாவட்டம் பெரியபட்டினத்திலிருந்து ஒரு வாசகி கேட்கிறார்: "கடலிலிருந்து கூப்பிடு தூரத்தில் எங்கள் வீடு. கட்டி 14 வருடம், 900 சதுர அடி, காங்கிரீட் தளம். சுவரில் இடுப்பளவு உயரத்துக்கு உப்புப் பூத்து உதிர்கிறது. படுக்கையறை சீலிங்கில் ஒரு இடத்தில் பூச்சு விழுந்து கம்பி தெரிகிறது. இரவு 12 மணி வரை அறை அனலாகக் கிடக்கிறது. ஏழு வயது மகனுக்கு அடிக்கடி இளைப்பு. கையில் 80,000 ரூபாய்தான் இருக்கிறது. சுவருக்கு பிவிசி பேனல், மேலே பால்ஸ் சீலிங், ஒரு ஏசி என்று கான்ட்ராக்டர் கணக்குப் போட்டுக் கொடுத்திருக்கிறார். கணவர் வெளிநாட்டில் இருப்பதால் நான்தான் முடிவெடுக்க வேண்டும். செய்யலாமா?"

வேண்டாம் சகோதரி. அந்த மூன்றும் சேர்ந்தால் உங்கள் வீட்டில் இன்று கண்ணுக்குத் தெரிகிற எல்லாக் கோளாறும் நாளை கண்ணுக்குத் தெரியாமல் போகும், அவ்வளவுதான். பேனலுக்குப் பின்னால் சுவர் ஈரமாகவே இருக்கும். அந்த இருட்டு இடுக்கில் பூஞ்சையும் கரப்பானும் சுகமாகக் குடியிருக்கும். பால்ஸ் சீலிங்குக்கு மேலே கம்பி துருப்பிடிப்பது நிற்காது. ஜன்னலை அடைத்து ஏசி போட்ட அறையில் அதே காற்றைத்தான் உங்கள் மகன் இரவெல்லாம் சுவாசிப்பான்.

எதை முதலில் செய்வது என்றால் சீலிங். மற்றவை உடல்நலம், சௌகரியம். இது உயிர் விஷயம். இன்றைக்கே செய்ய வேண்டியதற்குக் காசு ஆகாது: கம்பி தெரியும் இடத்துக்குக் கீழே கட்டில் இருந்தால் நகர்த்திவிடுங்கள். மின்விசிறி தொங்கும் கொக்கியை ஒரு எலக்ட்ரீஷியனை ஏணி போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். உப்புக் காற்றில் கொக்கி மெலிந்துபோவதை விசிறியின் கிண்ணம் மறைத்துவிடும், கீழே நிற்பவர்களுக்குத் தெரியாது.

கம்பி ஏன் வெளியே வந்தது? இரும்பு துருவானால் பருத்துக்கொள்ளும். துரு, தான் தின்ற இரும்பைவிடப் பல மடங்கு இடம் கேட்கும். அந்த நெருக்கலில் கீழே இருக்கும் காங்கிரீட் பொரிந்து விழுகிறது. துருவைத் தூண்டுவது உப்பிலுள்ள குளோரைடு. அது காற்றிலும் வரும், கட்டும்போது கலந்த தண்ணீரிலும் வரும். கம்பி வைத்த காங்கிரீட்டுக்குக் கலக்கும் தண்ணீரில் குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்பது இந்தியத் தர விதி. கடல் நீரில் அது சுமார் 19,000. நம் கரையோர போர்த் தண்ணீர் இந்த இரண்டுக்கும் நடுவில் எங்கே நிற்கிறது என்பதை வாயில் ஒரு மடக்கு விட்டாலே ஊகிக்கலாம். ராமேஸ்வரத்துக்குப் பக்கத்திலுள்ள மண்டபம் என்ற ஊரில், உலோகங்கள் கடற்காற்றில் எப்படி அரிக்கின்றன என்று சோதிப்பதற்காகவே காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம் ஒரு நிலையம் வைத்திருக்கிறது. அந்தக் காற்றுதான் உங்கள் வாசலிலும் அடிக்கிறது. கடலிலிருந்து தள்ளியிருக்கும் பரமக்குடியில் யாராவது கட்டிய வீட்டை இதோடு ஒப்பிடாதீர்கள்.

விழுந்த இடத்தில் சிமெண்டைக் குழைத்து அப்பிவிடுவதுதான் பெரும்பாலும் நடக்கும் வேலை. அது நிற்காது. தட்டினால் பொள்ளென்று சத்தம் வரும் இடம் முழுவதையும் கொத்தி எடுக்க வேண்டும். கம்பியின் பின்பக்கமும் விரல் நுழையும் அளவுக்குத் திறந்து, கம்பி பிரஷ்ஷால் துருவைச் சுத்தமாகத் தேய்த்து எடுத்து, துத்தநாகம் கலந்த பிரைமர் இரண்டு கை அடித்து, பிறகு பாலிமர் கலந்த ரிப்பேர் மார்ட்டரால் அடைக்க வேண்டும். பெயிண்ட், ஹார்டுவேர் கடைகளில் இவை மூட்டையாகவும் டப்பாவாகவும் கிடைக்கும். கொத்திப் பார்க்கும்போது கம்பி கண்ணுக்குத் தெரியும்படி மெலிந்திருந்தாலோ, பொரிவு ஒரு இடத்தோடு நில்லாமல் அறை முழுக்க ஓடியிருந்தாலோ வேலையை அங்கேயே நிறுத்துங்கள். அதற்குக் கொத்தனாரின் அனுபவம் போதாது. தளத்துக்கு முட்டுக் கொடுத்துவிட்டு ஒரு சிவில் இன்ஜினியரைக் கூப்பிடுங்கள்.

இனி சுவர்.

விளக்குத் திரி எண்ணெயை இழுப்பதுபோலச் செங்கல் சுவர் தரையிலிருந்து தண்ணீரை இழுக்கிறது. தண்ணீர் காற்றில் ஆவியாகிறது, உப்பு சுவரிலேயே தங்குகிறது. உலரும் உப்பு படிகமாகிப் பூச்சைப் பெயர்த்துத் தள்ளுகிறது. இன்னொரு குணமும் அதற்கு உண்டு. காற்றின் ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்தைத் தாண்டினால் சாப்பாட்டு உப்பு தானாகவே ஈரத்தை உறிஞ்சிக் கசியும். உங்கள் உப்பு ஜாடியில் நடப்பதுதான் சுவரிலும் நடக்கிறது. கடலோரத்தில் இரவுக் காற்று அந்த அளவைத் தாண்டுவது சாதாரணம். மழையே இல்லாத நாளிலும் காலையில் சுவர் நனைந்து தெரிவது அதனால்தான்.

அதனால் பூச்சைத் தொடுமுன் ஈரம் வரும் வழியைப் பாருங்கள். வெளிப்பக்கம் ஒரு சுற்றுச் சுற்றி வந்தால் பாதிக் காரணம் கையில் கிடைக்கும். தெருவில் ஒவ்வொரு முறை சிமெண்ட் சாலை போடும்போதும் மட்டம் உயர்கிறது, வீடு தாழ்கிறது. சுவரை ஒட்டி மண் ஏறி நின்றால் அஸ்திவாரத்துக்கு மேல் போட்டிருக்கும் ஈரத்தடுப்புப் பட்டை புதைந்துபோய் அதற்கு வேலையே இல்லாமல் ஆகிவிடும். அந்த மண்ணை வெட்டி எடுத்து, சுவரைச் சுற்றி இரண்டடி அகலத்துக்கு வெளிப்பக்கம் சாய்வாகத் தளம் போடுங்கள். ஏசித் தண்ணீர், துணி துவைக்கும் தண்ணீர், மாடிக் குழாய்த் தண்ணீர் எதுவும் சுவரடியில் விழக் கூடாது. சுவரோரம் வாழை நட்டு உப்புத் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்தால் வாழையை வேறு இடத்துக்கு மாற்றுங்கள். குளியலறைச் சுவரின் மறுபக்கம் மட்டும் அதிகமாக ஊறியிருந்தால் குழாய்க் கசிவைச் சந்தேகப்படுங்கள்.

பிறகு உள்ளே, ஈரம் தெரியும் உயரத்துக்கு மேல் இன்னும் ஓரடி வரை பூச்சைச் செங்கல் தெரியக் கொத்தி எடுங்கள். இணைப்புகளில் உள்ள சாந்தையும் அரை அங்குலம் சுரண்டுங்கள். வெளியே பூக்கும் உப்பை வாரம் ஒருமுறை உலர்ந்த பிரஷ்ஷால் தட்டி, முறத்தில் வாரி வெளியே கொட்டுங்கள். தண்ணீர் விட்டுக் கழுவினால் அது மறுபடி சுவருக்குள்ளேயே போய்விடும். இப்படி ஒன்றரை, இரண்டு மாதமாவது சுவர் அம்மணமாகவே நிற்கட்டும். பார்க்க அசிங்கமாகத்தான் இருக்கும், வருகிறவர்கள் கேட்பார்கள். மேற்கிலிருந்து கச்சான் காற்று அடிக்கும் வைகாசி, ஆனி, ஆடி இதற்குத் தோதான காலம். ஐப்பசியில் ஆரம்பித்தால் காயவே காயாது.

மறுபூச்சுக்குச் சிமெண்ட் வேண்டாம், சுண்ணாம்புதான். கொத்தனார் சிரிப்பார். "இந்தக் காலத்துல சுண்ணாம்பா?" என்பார். கீழக்கரையில் பவளப்பாறைக் கல்லால் கட்டிய பழைய வீடுகளைப் பார்த்திருப்பீர்கள். கல்லே கடலிலிருந்து வந்தது, உப்புக்குக் குறைவில்லை. அவை தாக்குப்பிடித்ததற்கு ஒரு காரணம், சுண்ணாம்புப் பூச்சு ஈரத்தை உள்ளே சிறை வைக்காமல் வெளியே விட்டதுதான். (அந்தக் கல்லை இன்று யாராவது விலைக்குத் தந்தால் வாங்கிவிடாதீர்கள். பவளப்பாறை வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருகிறது, எடுப்பதும் விற்பதும் குற்றம்.) சிமெண்ட் பூச்சு கெட்டியாக இருப்பதால் ஈரம் வழி தேடி இன்னும் மேலே ஏறும். இடுப்பளவு இருந்தது தோளளவு ஆகும். டைல்ஸ் ஒட்டினாலும், பட்டி பார்த்து எனாமல் அடித்தாலும் இதே கதைதான்.

நீற்றிய (தண்ணீர் விட்டு அவித்த) கிளிஞ்சல் சுண்ணாம்பு ஒரு பங்கு, கழுவிய மணல் மூன்று பங்கு. கடற்கரை மணல் வேண்டவே வேண்டாம். நல்ல தண்ணீரில் கலந்து, பூசிய பிறகு ஒரு வாரத்துக்கு மேல் நல்ல தண்ணீரையே தெளித்து, ஈரச் சாக்கைத் திரையாகக் கட்டி மெதுவாகக் காயவிட வேண்டும். கச்சான் காற்றில் வெடுக்கென்று காய்ந்தால் வெடித்துவிடும். மேலே சுண்ணாம்பு வெள்ளை மட்டும் அடியுங்கள். எமல்ஷன் டப்பா ஏற்கெனவே வாங்கி வைத்திருந்தால் அதை ஈரம் ஏறாத மேல்சுவருக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றைச் சொல்லிவிட வேண்டும்: இந்தப் பூச்சும் சில வருடங்களில் உதிரும். உப்பைத் தான் வாங்கிக்கொண்டு செங்கல்லைக் காப்பாற்றுவதுதான் அதன் வேலை. உதிர்ந்த இடத்தை மட்டும் மறுபடி பூசிக்கொள்ளலாம், செலவு குறைவு.

பூச்சுக்கு இத்தனை நல்ல தண்ணீருக்கு எங்கே போவது என்று கேட்பீர்கள். குடிக்கிற காவிரித் தண்ணீரைச் சுவருக்குத் தெளிக்க யாருக்கும் மனசு வராது. உங்கள் 900 சதுர அடி மாடியில் ஒரு அங்குல மழை பெய்தால் சுமார் 2,100 லிட்டர் விழுகிறது. மழைநீர்க் குழாயை ஒரு மூடிய தொட்டிக்குத் திருப்பிவிட்டால் கோடையில் பெய்யும் சில மழையே இந்த வேலைக்குப் போதும். மூடி இறுக்கமாக இருக்கட்டும். நல்ல தண்ணீர் நமக்கு எவ்வளவு பிரியமோ கொசுவுக்கும் அவ்வளவு பிரியம்.

இரவு 12 மணி வரை அனல் என்கிறீர்களே, அது காற்றின் சூடு இல்லை, தளத்தின் சூடு. பகலெல்லாம் வாங்கிய வெயிலைக் காங்கிரீட் ராத்திரியில்தான் கீழே இறக்குகிறது. அதற்கு மருந்து மேலே இருக்கிறது. பங்குனியில் மொட்டை மாடியைக் கூட்டிக் கழுவி, வெடிப்புகளை அடைத்து, நீற்றிய சுண்ணாம்பில் கொஞ்சம் வெள்ளைச் சிமெண்டும் பெவிகாலும் கலந்து குறுக்கும் நெடுக்குமாக மூன்று கை அடியுங்கள். வெள்ளைப் பரப்பு வெயிலைத் திருப்பி அனுப்பிவிடும். மதியம் வெறுங்காலோடு மாடியில் நடந்தாலே வித்தியாசம் தெரியும். ஆகும் செலவு சில ஆயிரம். மழைக்குக் கரையும் என்பதால் வருடா வருடம் அடிக்க வேண்டும். முதல் இரண்டு மழைத் தண்ணீரைத் தொட்டிக்கு விடாமல் வெளியே விட்டுவிடுங்கள். சுட்ட சுண்ணாம்பை வீட்டிலேயே நீற்றுவதாக இருந்தால் பிள்ளையைப் பக்கத்தில் விடாதீர்கள். அது கொதித்துத் தெறிக்கும், கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து.

பின்னால் பணம் சேரும்போது வெள்ளை ஓட்டு உடைசலைப் பதித்துத் தளம் போடலாம், அது பல வருடம் வரும். தகர ஷெட் போடச் சொல்லி யாராவது வந்தால் நான் ஆதரிக்க மாட்டேன். 1964 தனுஷ்கோடிப் புயலையும் 2018 கஜாவையும் பார்த்த கரை இது. மாடியில் நிழலுக்கு என்ன கட்டினாலும், ஐப்பசிக்கு முன் கழற்றி வைக்கக் கூடியதாக இருக்க வேண்டும். தென்னங்கிடுகுப் பந்தலில் அந்த வசதி உண்டு, தகரத்தில் இல்லை.

காற்றோட்டத்துக்கு ஒரே விதி: உள்ளே வர ஒரு வழி, வெளியே போக ஒரு வழி. உங்கள் ஊரில் கடல் தெற்கே. தேவிபட்டினம், தொண்டிக்காரர்களுக்குக் கிழக்கே. தெற்கு ஜன்னலைத் திறந்தும் காற்று வரவில்லை என்றால், எதிர்ச் சுவரில் அது வெளியேற இடமில்லை என்று அர்த்தம். வடக்குச் சுவரில் உயரத்தில் ஒரு வென்டிலேட்டர் உடைத்து வைத்தால் அந்நியர் பார்வையும் விழாது, மேலே தேங்கும் சூடும் போகும். கொசுவலைக்கு இரும்புக் கம்பி வலை வாங்காதீர்கள், ஒரே மழைக்காலத்தில் பொடிந்துவிடும். பைபர் அல்லது நைலான் வலை போதும், மலிவும்கூட. அடுப்புக்கு மேலே ஒரு எக்ஸாஸ்ட் பேன் கட்டாயம். சமையல் ஆவியும் புகையும் படுக்கையறைக்கு வராமல் இருப்பது இளைப்பு உள்ள பிள்ளைக்கு ஏசியைவிடப் பெரிய உபகாரம்.

மகனின் இளைப்பை டாக்டரிடம் காட்டி மருந்தைத் தொடருங்கள், வீட்டு வேலை அதற்கு மாற்று ஆகாது. வீட்டால் செய்யக் கூடியது தூண்டுதலைக் குறைப்பது. ஈரச் சுவரின் பூஞ்சையும், ஈரப்பதத்தில் பெருகும் மெத்தைத் தூசிப் பூச்சியும் இளைப்பைக் கிளப்பும். கட்டிலையும் பீரோவையும் சுவரிலிருந்து அரையடி தள்ளிப் போடுங்கள். விரிப்பும் தலையணை உறையும் வாரம் ஒருமுறை கொதிநீரில் அலசி வெயில் காணட்டும். ஈரத்துணியை அவன் அறையில் உலர்த்தாதீர்கள். பூச்சு கொத்தும் நாட்களில் அவனைப் பாட்டி வீட்டுக்கு அனுப்பிவிடுவது நல்லது, அந்தத் தூசி ஆகாது.

எண்பதாயிரத்தில் பாதிக்கு மேல் சீலிங்குக்கும் சுவருக்கும் போகும். மாடி வெள்ளை, வென்டிலேட்டர், எக்ஸாஸ்ட், வலை எல்லாம் மிச்சத்துக்குள் அடங்கும். ஏசி வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஒரு கோடை இப்படி இருந்து பார்த்துவிட்டு, அப்போதும் தேவைப்பட்டால் வாங்குங்கள். தளம் குளிர்ந்த அறைக்குச் சின்ன ஏசியே போதும். வெளி யூனிட்டை மட்டும் கடற்காற்று நேரே அடிக்காத பக்கம் மாட்டச் சொல்லுங்கள்.

பேனல்காரருக்கு முன்பணம் கொடுத்துவிட்டு இதைக் கேட்கிறீர்களோ என்றும் தோன்றுகிறது. அப்படியானால் சண்டை போட வேண்டாம். அந்தப் பணத்துக்குக் குளியலறைக்கும் கழிவறைக்கும் பிவிசி கதவு போட்டுத் தரச் சொல்லுங்கள். ஈரத்துக்கு ஊறாமலும் உப்புக்குத் துருப்பிடிக்காமலும் அது அங்கே நன்றாகவே உழைக்கும்.