வாசித்துக் காட்டப்பட்ட அந்தத் தாள்

கேள்வி: நாங்கள் பொறையாறு பக்கத்தைச் சேர்ந்தவர்கள், பல தலைமுறைகளாகச் சீர்திருத்தச் சபைகளில் ஒன்றான லுத்தரன் சபையார். மூன்று ஆண்டுகளுக்கு முன் என் ஒரே மகளை நாகப்பட்டினத்தில் ஒரு கத்தோலிக்கக் குடும்பத்தில் கொடுத்தோம். பேரனுக்கு இப்போது பத்து மாதம். தங்கள் பங்குக் கோயிலில்தான் ஞானஸ்நானம் கொடுக்க வேண்டும் என்று மாப்பிள்ளை வீட்டார் நிற்கிறார்கள். கல்யாணத்துக்கு முன் பங்குச் சாமியார் வாசித்துக் காட்டிய ஏதோ ஒரு தாளில் மாப்பிள்ளை கையெழுத்திட்டார். மண்டபத்துக்கு முன்பணம் கொடுத்தாகிவிட்டதால் அப்போது நான் எதுவும் பேசவில்லை. போப்பாண்டவர் சொல்வதெல்லாம் தவறாதது என்று நம்புகிறவர்களிடம், எங்கள் வேதாகமத்தில் இல்லாத ஏழு புத்தகங்களை வேதம் என்கிறவர்களிடம், என் பேரனை எப்படி ஒப்புக்கொடுப்பது? சம்பந்தியோடு வாதாடி அலுத்துவிட்டேன். அவர் வாயடைக்கும்படியான பதில் ஒன்றைத் தாருங்கள்.

- ஓய்வுபெற்ற தலைமையாசிரியர்

பதில்: ஐயா, இடப் பற்றாக்குறையால் சுருக்கி வெளியிட்டிருக்கும் உங்கள் நீண்ட கடிதத்தில் பேதுருவும் ரோமாபுரியும் பக்கம் பக்கமாக வருகிறார்கள். அந்தத் தாளுக்கு நீங்கள் ஒதுக்கியது ஒரே வாக்கியம். நான் அந்த வாக்கியத்தைத் தாண்டிப் போக முடியாமல் நின்றுவிட்டேன்.

அது "ஏதோ ஒரு தாள்" அன்று. கத்தோலிக்கர் ஒருவர் வேறு சபையில் ஞானஸ்நானம் பெற்றவரை மணக்க வேண்டுமானால் திருச்சபை அதிகாரியின் அனுமதி வேண்டும். அந்த அனுமதிக்காக, தம் விசுவாசத்தை விட்டு விலகுவதில்லை என்றும், பிறக்கும் பிள்ளைகள் அனைவரும் கத்தோலிக்கத் திருச்சபையில் ஞானஸ்நானம் பெற்று வளரத் தம்மால் இயன்றதையெல்லாம் செய்வதாகவும் அவர் உண்மையாக வாக்குக் கொடுக்க வேண்டும் என்று 1983ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத்தொகுப்பு 1125ஆம் பிரிவில் சொல்கிறது. முன்பெல்லாம் இந்த வாக்கு இருவரிடமும் வாங்கப்பட்டது. 1970இல் போப்பாண்டவர் ஆறாம் பவுல் பிறப்பித்த ஆணைக்குப் பிறகு மற்றச் சபையாரிடம் அதைக் கேட்பதில்லை. கத்தோலிக்கர் கொடுக்கும் வாக்கு இன்னதென்று அவருக்குத் தெளிவாகத் தெரிவித்தால் போதும். உங்கள் முன்னிலையில் சாமியார் அந்தத் தாளை உரக்க வாசித்தது அதற்காகத்தான். ஆயுள் முழுவதும் பிள்ளைகளுக்குப் பாடம் வாசித்துக் காட்டிய ஒருவர், தன் சந்ததியைப் பற்றிய வாசகம் தன் காதுபட வாசிக்கப்படும்போது அது விளங்கவில்லை என்று சொன்னால் நான் ஏற்க மாட்டேன். உங்களுக்கு விளங்கியது. விளங்கியதால்தான் முன்பணத்தை நினைத்து வாயை மூடிக்கொண்டீர்கள்.

உங்கள் மனசாட்சி அன்றே உறுத்தியிருந்தால் நீங்கள் செய்திருக்க வேண்டியது எளிது. மாப்பிள்ளையைத் தனியே அழைத்து, "தம்பி, இந்த வாக்கை நீங்கள் கொடுப்பது உங்கள் கடமை, ஆனால் இதில் எனக்கு உடன்பாடு இல்லை, என் மகளோடு கலந்து பேசிவிட்டு மேலே போகலாம்" என்று சொல்லியிருக்கலாம். முன்பணம் போயிருக்கும்; ஊர் நாலு பேச்சுப் பேசியிருக்கும். அந்த நஷ்டத்துக்குப் பயந்து, இன்று ஒரு கைக்குழந்தையை வைத்து அதை ஈடுகட்டப் பார்க்கிறீர்கள். வேதம் ஒன்றே போதும் என்று சம்பந்தியிடம் திரும்பத் திரும்பச் சொல்வதாக எழுதியிருக்கிறீர்கள். அந்த வேதத்தில், உள்ளதை உள்ளதென்றும் இல்லதை இல்லதென்றும் சொல்லுங்கள் என்று கர்த்தர் மலைப்பிரசங்கத்தில் கட்டளையிடுகிறார். தனக்கு நஷ்டம் வந்தாலும் சொன்ன சொல் தவறாதவனே கர்த்தருடைய கூடாரத்தில் தங்குவான் என்கிறது 15ஆம் சங்கீதம். சபைப் பேதமின்றி இரண்டு வீட்டு வேதாகமத்திலும் இவை இருக்கின்றன.

கொள்கை விஷயத்துக்கும் வருகிறேன். தவறாகச் சொல்லி வாதாடுவது உங்கள் சபைக்கும் பெருமை சேர்க்காது. போப்பாண்டவர் சொல்வதெல்லாம் தவறாதது என்று கத்தோலிக்கத் திருச்சபை போதிக்கவில்லை. 1870 ஜூலை 18 அன்று கத்தோலிக்க ஆயர்கள் கூடிய முதலாம் வத்திக்கான் சங்கம் அறிவித்த கொள்கை, அவர் திருச்சபை முழுவதற்கும் மேய்ப்பராக இருந்து, விசுவாசம் அல்லது ஒழுக்கம் பற்றிய ஒரு போதனையை அறுதியாக வரையறுக்கும்போது மட்டுமே பொருந்தும். அதன் பிறகு அப்படி வெளிப்படையாக வரையறுக்கப்பட்டதற்கு எல்லாரும் காட்டுவது, மாதாவின் விண்ணேற்பைப் பற்றி 1950இல் போப்பாண்டவர் பன்னிரண்டாம் பத்திநாதர் (பயஸ்) செய்த அறிவிப்பு. அரிதாக நடப்பதால் உங்கள் மறுப்பு இல்லாமல் போய்விடாது. வேதத்தில் தெளிவாக எழுதப்படாத ஒன்றை விசுவாசிகள் மேல் கட்டாயமாக்க எந்த மனிதருக்கும் அதிகாரம் இல்லை என்பது லுத்தரன் சபையின் உறுதியான நிலை. அதை நான் மதிக்கிறேன். அந்த ஏழு புத்தகங்களைக் கத்தோலிக்க ஆயர்களின் திரெந்து சங்கம் 1546இல் வேதமென்று உறுதிசெய்தது. ஆனால் உங்கள் சபைக்குப் பெயர் தந்த மார்ட்டின் லுத்தரும் 1534இல் வெளிவந்த தம் முழு வேதாகமத்தில் அவற்றைத் தனிப் பகுதியாக அச்சிட்டு, வேதத்துக்குச் சமமல்ல, ஆயினும் வாசிக்கப் பயனுள்ளவை என்றே எழுதினார்.

இந்த வாதம் நம் காவிரிக் கரைக்குப் புதிதும் அன்று. 1706இல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய லுத்தரன் போதகர் சீகன்பால்கு தொடங்கிவைத்த சபையை மறுத்து, கொள்ளிடத்துக்கு வடகரையில் ஏலாக்குறிச்சியில் பணிசெய்த கத்தோலிக்கத் துறவி வீரமாமுனிவர் 'வேதவிளக்கம்' எழுதினார். தரங்கம்பாடியிலிருந்தும் எழுத்தில் மறுப்பு வந்தது. கடுமையாகவே மோதிக்கொண்டார்கள். ஆனால் தாங்கள் நம்பியதை உரிய நேரத்தில், எல்லாரும் அறியச் சொன்னார்கள். பந்தி பரிமாறி முடியும்வரை காத்திருக்கவில்லை.

சமாதானமாகப் போங்கள், எல்லாம் ஒன்றுதான் என்று எழுதுவேன் என எதிர்பார்த்திருந்தால் ஏமாறுவீர்கள். எல்லாம் ஒன்றல்ல. விசுவாசத்தினால் நீதிமானாக்கப்படுதலைப் பற்றி இரு தரப்பாரும் 1999 அக்டோபர் 31 அன்று கூட்டு அறிக்கையில் கையெழுத்திட்ட பிறகும், போப்பாண்டவரின் அதிகாரமும் ஒரே திருவிருந்தில் பங்குபெறுவதும் தீராமலே இருக்கின்றன. உங்கள் பேரன் ஒருநாள் புதுநன்மை (முதல் திருவிருந்து) வாங்கும்போது, பெற்ற தாய் எழுந்துபோய் அவனோடு வாங்க முடியாமல் இருக்கையிலேயே இருப்பாள். அந்த வேதனை உண்மையானது. அதை யாரும் அவளுக்காகத் தீர்த்துவைக்க முடியாது.

ஆனால் ஞானஸ்நானத்தில் அந்தப் பிளவு இல்லை. தண்ணீரால், பிதா குமாரன் பரிசுத்த ஆவியின் நாமத்தில் கொடுக்கப்பட்டதை இரண்டு சபைகளும் ஏற்றுக்கொள்கின்றன. நாகப்பட்டினத்தில் உங்கள் மகளுக்கு மறுபடியும் ஞானஸ்நானம் கொடுத்தா தாலி கட்டினார்கள்? குழந்தைகளுக்கு ஞானஸ்நானம் கொடுக்க வேண்டும் என்று லுத்தரன் சபையாரின் 1530ஆம் ஆண்டு ஆக்ஸ்பர்க் விசுவாச அறிக்கை 9ஆம் பிரிவில் சொல்கிறது. நீங்கள் திடப்படுத்தல் பெற்றபோது சபைமுன் ஒப்புக்கொண்ட விசுவாசம் அது. இரண்டு சபைகளும் கொடு என்று சொல்வதைப் பத்து மாதமாகத் தள்ளிப்போட நீங்களும் காரணமாக இருந்திருக்கிறீர்கள்.

குழந்தையை எந்தச் சபையில் வளர்ப்பது என்பது பெற்றவர்களின் கடமை. தாத்தாவுக்கு அதில் வாக்கில்லை என்பது என் உறுதியான எண்ணம். உங்கள் மகள் எந்த வாக்கும் கொடுக்கவில்லை. அவளுக்கு மனசாட்சியில் மறுப்பு இருந்தால், தன் புருஷனிடம் தன் வாயால் அவள் சொல்லட்டும். இருவரும் சேர்ந்து பங்குத்தந்தையிடமும் உங்கள் சபைப் போதகரான ஐயரிடமும் போய்ப் பேசட்டும். இயன்றதைச் செய்வதாகத்தான் மாப்பிள்ளை வாக்குக் கொடுத்திருக்கிறார்; மனைவியை மீறி எதையும் செய்வதாக அல்ல. இவ்வளவு நீளமான கடிதத்தில் உங்கள் மகள் என்ன நினைக்கிறாள் என்பது ஒரு வரியிலும் இல்லை. கேட்டீர்களா?

சம்பந்தியின் வாயடைக்க என்னிடம் பதில் இல்லை. அவர் வீட்டுக்கு நீங்களே போங்கள். அந்தத் தாளை வாசித்தபோது உங்களுக்கு விளங்கியது என்றும், பணத்தையும் ஊர்ப் பேச்சையும் நினைத்துச் சும்மா இருந்துவிட்டீர்கள் என்றும் அவரிடமும் மாப்பிள்ளையிடமும் சொல்லுங்கள். சொல்லும்போது மகளும் அங்கே இருக்க வேண்டும். அதன் பிறகு பெற்றவர்கள் பங்குக் கோயிலில்தான் என்று முடிவெடுத்தால், கத்தோலிக்க ஞானத்தகப்பன் அல்லது ஞானத்தாய் ஒருவரோடு, ஞானஸ்நானம் பெற்ற வேறு சபையார் சாட்சியாக நிற்கச் சட்டத்தில் இடமுண்டு. பின்வரிசையில் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்காராமல், அந்த இடத்தை உங்களுக்குத் தரும்படி பங்குத்தந்தையிடம் கேளுங்கள்.