டேட்டோனாவா, எஸ்பாடாவா? பன்னிரண்டு சிலிண்டர் கேள்வி பதில்

ஷார்ஜாவில் பழைய கார்களைப் பிரித்துச் சேர்க்கிற பட்டறையில் இருந்த காலத்தில் ஃபெராரி டேட்டோனா, லம்போர்கினி எஸ்பாடா ரெண்டு வண்டியும் என் கையில் வந்து போயிருக்கு. இப்போ பாளையங்கோட்டையிலதான் இருக்கேன். கேட்ட எல்லாருக்கும் சொல்லுதேன்.

அம்பாசமுத்திரம்: அண்ணாச்சி, ரெண்டுக்கும் என்ன வித்தியாசம்?

ரெண்டும் 1968-ல வெளிவந்தது. ரெண்டுக்கும் முன்னால வி12 இஞ்சின், அதாவது வி வடிவத்துல பன்னிரண்டு சிலிண்டர். பெட்ரோலையும் காத்தையும் கலக்குற வெபர் கார்புரேட்டர் ஆறு, வால்வைத் திறக்குற கேம்ஷாஃப்ட் நாலு. ஃபெராரி 365 ஜிடிபி/4-ல 365-ங்கிறது ஒரு சிலிண்டரோட சிசி, 4-ங்கிறது கேம்ஷாஃப்ட் கணக்கு. மொத்தம் 4,390 சிசி. டேட்டோனாங்கிறது ஜனங்க வச்ச பேரு. 1967-ல அமெரிக்காவுல டேட்டோனாங்கிற ஊர்ல நடந்த 24 மணி நேரப் பந்தயத்துல ஃபெராரி முதல் மூணு இடத்தையும் பிடிச்சுது, அதுல இருந்து வந்தது. கியர்பாக்ஸ் பின்பக்கம், சீட்டு ரெண்டே ரெண்டு. லம்போர்கினி எஸ்பாடா 3,929 சிசி, நாலு பேர் வசதியா உக்காரலாம்.

தென்காசி: லம்போர்கினி டிராக்டர் செஞ்சவராமே?

அவரேதான். கார் கம்பெனி தொடங்குனது 1963-ல.

வள்ளியூர்க்காரர், துபாயிலிருந்து: எஸ்பாடா ரொம்பக் குறைஞ்ச விலைக்குக் கிடைக்கு. எடுத்துரலாமா அண்ணாச்சி?

தம்பி, வண்டி விலைதான் குறையும், இஞ்சின் வேலைக்கான செலவு குறையாது. இதுலயும் 24 வால்வு. வால்வைத் தள்ளுற டேப்பெட்டு ஒவ்வொண்ணுக்கும், இடைவெளியைச் சரிபண்ற சின்னத் தகடு, ஷிம்னு சொல்லுவோம், அதை அளந்து போடணும். ஆறு கார்புரேட்டர்லயும் சேர்த்து, காத்துப் போற தொண்டை பன்னிரண்டு. ஒவ்வொண்ணும் ஒரே அளவு காத்து இழுக்கணும், ரப்பர் குழாயைக் காதுல வச்சுக் கேட்டே சமன் பண்ணுவோம். ஒருத்தர் ‘டியூனிங் மட்டும்தான்’னு ஒரு எஸ்பாடாவைக் கொண்டாந்தாரு. மூணு நாள் கார்புரேட்டரோட மல்லுக்கட்டினேன். கடைசியில கம்ப்ரஷன், அதான் சிலிண்டருக்குள்ள அழுத்தம், பாத்தா, ரெண்டு சிலிண்டர்ல வால்வு சரியா மூடல! அதனால காசு கைமாறதுக்கு முன்னாடி, இஞ்சின் சூடா இருக்கும்போதே பன்னிரண்டு சிலிண்டருக்கும் கம்ப்ரஷன் எடுங்க. பாடி இரும்புத் தகடு. கதவுக்குக் கீழ துரு இருக்கான்னு குனிஞ்சு பாருங்க. மேல பளபளன்னு பெயிண்ட் அடிச்சிருந்தா இன்னும் கவனமாப் பாருங்க.

களக்காடு: எங்க வீட்டுக்காரங்க மஸ்கட்ல டேட்டோனா பாக்காங்க. ஓட்டச் சிரமமா அண்ணாச்சி?

ஆமாம்மா. பவர் ஸ்டீயரிங் கிடையாது. பார்க்கிங்ல தோள் வலிக்கும். வேகம் பிடிச்சுட்டா கையில லேசா வரும், அந்தச் சுகம் வேற எதுலயும் இல்ல. ஆனா நீங்களும் பிள்ளைகளும் கூடப் போகணும்னா எஸ்பாடா பாருங்க. 1972-க்கு அப்புறம் வந்த மூணாவது சீரிஸ்ல பவர் ஸ்டீயரிங் உண்டு. என்னைக் கேட்டா அதைத்தான் எடுப்பேன்.

மேலப்பாளையம்: நம்ம கத்திரி வெயிலுக்குத் தாங்குமா?

ஓடும்போது தாங்கும். வண்ணார்பேட்டை நெரிசல்ல நின்னு நின்னு போனாத்தான் பாடு. நிறுத்துனதும் கார்புரேட்டர்ல கிடக்க பெட்ரோல் சூட்டுல கொதிக்கும், திரும்ப எடுக்காது. ஆக்ஸிலேட்டரைப் பம்ப் பண்ணாம முழுசா மிதிச்சுப் பிடிச்சுக்கிட்டு ஸ்டார்ட் பண்ணணும். அதைவிடப் பெரிய பயம் பெட்ரோல் போற ரப்பர் ஹோஸ். எத்தனால் கலந்த பெட்ரோல் பழைய ரப்பரை அரிச்சுரும். சூடான இஞ்சின் மேல ஒழுகினா தீதான். எந்த வண்டி வாங்கினாலும், முதல் டேங்க் பெட்ரோல் அடிக்க முன்னாடி எத்தனால் தாங்குற ஹோஸா எல்லாத்தையும் மாத்திருங்க.