அம்மாவுக்கு கீமோ தொடங்கப் போகிறது. உடம்பில் தெம்பு குறையாமல் இருக்க என்ன கொடுக்கலாம், எப்படிப் பார்த்துக்கொள்ளலாம்?

உங்கள் அம்மாவுக்கு மார்பகப் புற்றுநோய் என்றும், அடுத்த வாரம் முதல் கீமோ என்றும் எழுதியிருக்கிறீர்கள். என் அம்மாவுக்கும் அதுதான். 2022இல், அவருடைய 61ஆவது வயதில் தெரியவந்தது. அறுவை சிகிச்சைக்குப் பிறகு 21 நாளுக்கு ஒன்றாக நான்கு கீமோ, அதன்பின் வாரம் ஒன்றாகப் பன்னிரண்டு. கும்பகோணத்தில் இருந்து சென்னைக்குப் போய் வந்தோம்.

"என்ன கொடுக்கலாம்" என்றுதான் நானும் முதலில் எல்லோரிடமும் கேட்டேன். இப்போது என்னைக் கேட்டால் சாப்பாட்டை இரண்டாவதாகத்தான் சொல்வேன். முதலில் சொல்ல வேண்டியது, அம்மாவைப் படுக்கையிலேயே வைத்துவிடாதீர்கள்.

நான் அப்படித்தான் வைத்தேன். முதல் கீமோ முடிந்து வந்ததும் அடுப்படிப் பக்கமே விடவில்லை. தண்ணீர் டம்ளரைக்கூடக் கையில் கொண்டுபோய்க் கொடுத்தோம். "நீ சும்மா படும்மா" என்பதையே இருபது நாளும் சொல்லிக்கொண்டிருந்தேன். இரண்டாவது கீமோவுக்குப் போனபோது நாற்காலியில் இருந்து எழ அம்மா என் தோளைப் பிடித்தார். மருத்துவர் அதைக் கவனித்துவிட்டு, "நாள் முழுக்கப் படுத்தேவா இருக்காங்க?" என்று கேட்டார். கீமோவால் வரும் அசதி தூங்கினால் தீரும் அசதி இல்லை, படுக்கப் படுக்கத் தசை கரையும், தசை கரைந்தால் அசதி இன்னும் கூடும் என்று விளக்கினார். அமெரிக்காவின் புற்றுநோய் மருத்துவர் சங்கமான ஆஸ்கோ 2022இல் வெளியிட்ட வழிகாட்டுதலும், குணப்படுத்தும் நோக்கில் சிகிச்சை நடக்கும்போதே நடைப்பயிற்சியும் தசைக்கான பயிற்சியும் செய்யச் சொல்கிறது.

அன்று முதல் மாற்றினோம். முதல் நாள் கூடத்தில் இருந்து கொல்லைக் குழாயடி வரை ஐந்து தடவை. அவ்வளவுதான் முடிந்தது. காலையும் மாலையும் நாற்காலியில் உட்கார்ந்து, கையை ஊன்றாமல் ஐந்து முறை எழுவது. இரண்டு வாரத்தில் தெருமுனைப் பிள்ளையார் கோவில் வரை போய் வந்தார். முடியாத நாளில் வற்புறுத்தவில்லை, ஆனால் அன்றும் வாசல்வரை வரச் சொல்வேன். ரத்தத்தில் ஹீமோகுளோபினோ தட்டணுவோ (பிளேட்லெட்) மிகவும் குறைந்திருந்தால் நடையைப் பற்றி மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

வீட்டு வேலையையும் திருப்பிக் கொடுத்தோம். கீரை ஆய்வது, பூண்டு உரிப்பது, துணி மடிப்பது. அன்றைக்கு என்ன குழம்பு என்று முடிவு செய்வதும் அவர்தான். ஒரு நாள் முருங்கைக்கீரையை ஆய்ந்துகொண்டே, "இப்பத்தாண்டா நான் இந்த வீட்ல இருக்கிற மாதிரி இருக்கு" என்றார். அந்த இருபது நாளில் அவரிடம் இருந்து நான் எதை எடுத்துக்கொண்டேன் என்பது அப்போதுதான் புரிந்தது.

அடுத்தது, ஒரு நோட்டு போடுங்கள். 21 நாளும் ஒரே மாதிரி இருக்காது. அம்மாவுக்கு முதல் இரண்டு நாள் பரவாயில்லை, ஸ்டீராய்டு கொடுப்பதால் தூக்கம் மட்டும் வராது (சர்க்கரை நோய் இருந்தால் அந்த நாட்களில் சர்க்கரை ஏறும், சோதித்துப் பாருங்கள்). மூன்றாம் நாள் முதல் ஐந்தாம் நாள் வரை குமட்டல், பெரும் அசதி. ஏழில் இருந்து பதினான்கு வரை, கிருமியை எதிர்க்கும் வெள்ளை அணுக்கள் ரத்தத்தில் குறைந்திருக்கும் காலம். மூன்றாவது வாரம் நல்ல வாரம். இரண்டு சுற்று எழுதிவிட்டால் உங்கள் அம்மாவின் உடம்பு எந்த நாளில் என்ன செய்யும் என்று தெரிந்துவிடும். நல்ல வாரத்தில் கூடுதலாக நடக்க வைத்தோம், பிடித்ததைச் சமைத்தோம், பார்க்க வருகிற உறவினர்களை அப்போது வரச் சொன்னோம். நடு வாரத்தில் கல்யாணம், கூட்டம் எதுவும் கிடையாது. சளி இருப்பவர்கள் சொந்த அண்ணனாக இருந்தாலும் வாசலோடு சரி.

காய்ச்சல் விஷயத்தை மட்டும் தயவுசெய்து மறக்காதீர்கள். நல்ல தெர்மாமீட்டர் ஒன்று வாங்கி வையுங்கள். 100.4 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தொட்டால் நேரம் பார்க்காமல் உடனே மருத்துவமனை. இரண்டாவது சுற்றில் பத்தாம் நாள் இரவு பதினொரு மணிக்கு அம்மாவுக்கு 100.8 இருந்தது. ஒரு பாரசிட்டமால் கொடுத்துவிட்டுக் காலையில் பார்க்கலாம் என்று மாத்திரையைக் கையில் எடுத்துவிட்டேன். மனைவிதான் மருத்துவமனை கொடுத்திருந்த எண்ணுக்கு முதலில் பேசச் சொன்னாள். மாத்திரை காய்ச்சலை மறைத்துவிடும், உடனே கிளம்புங்கள் என்றார்கள். உள்ளூரிலேயே சேர்த்து, நான்கு நாள் நரம்பு வழியாக ஆன்டிபயாடிக் ஏற்றினார்கள். வெள்ளை அணுக்கள் அடிமட்டத்தில் இருக்கும்போது கிருமி சில மணி நேரத்திலேயே ஆளைச் சாய்த்துவிடும். அதனால் முதல் கீமோவுக்கு முன்பே, இரவில் யாருக்குப் பேசுவது, உள்ளூரில் எங்கே போவது என்று கேட்டு எழுதி வையுங்கள்.

இப்போது சாப்பாடு. கஞ்சியை மட்டும் கொடுத்துக்கொண்டிருந்தால் உடம்பு இளைக்கும். கஞ்சியிலேயே பாசிப்பருப்பைச் சேருங்கள். நன்றாக வெந்த முட்டை, மீன், பன்னீர், சுண்டல் என்று புரதம் ஏதாவது ஒவ்வொரு வேளையும் இருக்கட்டும். மூன்று வேளை என்பதை விட்டுவிட்டு ஆறு வேளையாகச் சின்னக் கிண்ணத்தில் கொடுத்தோம். வாந்தி மாத்திரையை வாந்தி வந்த பிறகு கொடுப்பதைவிட, சொன்ன நேரத்துக்கு முன்கூட்டியே கொடுப்பதுதான் பலன் தரும். அந்த மாத்திரையால் மலச்சிக்கல் வரும், அதையும் சொல்லி மருந்து வாங்கிக்கொள்ளுங்கள். தாளிக்கிற வாசனையே அம்மாவைப் புரட்டியது. அவர் நடக்கப் போகும் நேரத்தில் சமைத்து, ஆறிய பிறகு பரிமாறினோம். வாய்ப்புண்ணுக்கு ஒரு டம்ளர் வெதுவெதுப்பான தண்ணீரில் கால் தேக்கரண்டி ஆப்ப சோடா, ஒரு சிட்டிகை உப்பு போட்டு ஒரு நாளைக்கு நாலைந்து தடவை கொப்பளிக்கச் சொன்னார்கள். நன்றாகக் கேட்டது. பழங்களை நிறுத்த வேண்டியதில்லை, நன்றாகக் கழுவித் தோல் உரித்துக் கொடுங்கள். ரோட்டோரச் சாறு மட்டும் வேண்டாம்.

முள்சீத்தா இலை, கோதுமைப்புல் சாறு, சர்க்கரையை அடியோடு நிறுத்து, எல்லாம் வரும். அன்போடுதான் சொல்வார்கள். கீமோ மருந்துகள் பலவற்றைக் கல்லீரல்தான் உடைத்து வெளியேற்றுகிறது. அந்த நேரத்தில் தெரியாத இலைச்சாற்றை அதன் தலையில் ஏற்றக் கூடாது என்று நான் எதையும் கொடுக்கவில்லை. "டாக்டரைக் கேட்டுட்டுச் சொல்றேன் சித்தப்பா" என்று ஒரே பதிலைச் சொல்லிப் பழகிக்கொண்டேன்.

முதல் நான்கில் சிவப்பு நிற மருந்து ஏற்றினால், சிறுநீர் ஓரிரு நாள் சிவப்பாகப் போகும். முன்பே சொல்லி வையுங்கள், இல்லாவிட்டால் பயந்துபோவார். மூன்றாவது வாரத்தில் முடி கொத்தாக வந்தது. வைத்தீஸ்வரன் கோவிலில் மொட்டை போடுகிறேன் என்றார். பிளேடு கீறினால் கிருமி தொற்றும் என்று மருத்துவமனையில் தடுத்ததால் வீட்டிலேயே மெஷினால் எடுத்தோம். என் மகள் பக்கத்தில் உட்கார்ந்து பாட்டியின் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

வாராந்திர மருந்தில் குமட்டல் குறைந்தது, ஆனால் விரல்கள் மரத்தன. சூடான டம்ளர் கை நழுவும், காலில் முள் ஏறினாலும் தெரியாது. வீட்டுக்குள்ளும் செருப்புப் போட வைத்தோம், காபியைக் கைப்பிடி உள்ள கோப்பைக்கு மாற்றினோம். மரத்துப்போவது கூடிக்கொண்டே போனால் மருத்துவரிடம் கண்டிப்பாகச் சொல்லுங்கள், தேவைப்பட்டால் மருந்தின் அளவைக் குறைப்பார்கள்.

வெளியூர்ப் பயணம் என்றால், சிகிச்சைக்குப் போகும் புற்றுநோயாளிக்கு ரயிலில் ஸ்லீப்பரிலும் மூன்றடுக்கு ஏசியிலும் முழுக் கட்டணச் சலுகை உண்டு, துணைக்குப் போகிறவருக்கு முக்கால்வாசி. மருத்துவமனையில் அதற்கான சான்றிதழைக் கேளுங்கள். எங்களுக்கு இது தெரிய நான்கு பயணம் ஆனது.

எந்த மருந்து, எத்தனை நாளுக்கு ஒருமுறை என்று மருத்துவர் சொன்னதும் கீழே எழுதுங்கள். அம்மாவின் நோட்டு இன்னும் என்னிடம்தான் இருக்கிறது, எடுத்துப் பார்த்துச் சொல்கிறேன்.