சொந்தமாகக் குழந்தைகள் காப்பகம் கட்ட அரசு மானியம் கிடைக்குமா?

மாடியில் ஒரு தளம் எழுப்பி, மாதக் கட்டணம் வாங்கி நடத்தும் யோசனை என்று நினைக்கிறேன். அதற்குக் கட்டுமான மானியத்தை நம்பி அஸ்திவாரம் தோண்டாதீர்கள். முத்ரா என்று யாராவது சொன்னால் அது கடன், வட்டியோடு திருப்பிக் கட்ட வேண்டியது. தேசியக் குழந்தைகள் காப்பகத் திட்டம் என்று இருந்தது 2022-ல் ஒன்றிய அரசின் மகளிர் நலத் திட்டமான மிஷன் சக்தியின் கீழ் 'பால்னா' ஆகிவிட்டது. ஆறு மாதம் முதல் ஆறு வயது வரையான பிள்ளைகளுக்கானது. அந்தப் பணமும் மாநில அரசு வழியாகத்தான் வரும்.

கட்டடத்துக்கு என்று அரசு உருப்படியாகப் பணம் தருவது அங்கன்வாடிக்கு. அதில் எனக்கு நேரடி அனுபவம் உண்டு. 2019 தேர்தலில் ஜெயித்து எங்கள் ஊராட்சியில் வார்டு உறுப்பினராக இருந்தேன். பிள்ளைகள் அப்போது கோயில் மண்டபத்தில் உட்கார்ந்திருந்தார்கள். 2022-ல் வந்த விதிப்படி ஒரு மையத்துக்கு 12 லட்சம் என்று இருந்தது. அதில் 8 லட்சம் நூறு நாள் வேலைத் திட்டத்திலிருந்து, 2 லட்சம் நிதிக்குழு மானியம், 2 லட்சம் ஒன்றிய மகளிர், குழந்தைகள் அமைச்சகம். கழிப்பறைக்கு 36,000, குடிநீருக்கு 17,000 என்று தனித்தனித் தலைப்பு வேறு. ஒரு தலைப்புப் பணம் வரும், இன்னொன்று வராது. சுவர் ஏறி நிற்கும், தண்ணீர் இருக்காது.

நூறு நாள் வேலை என்றாலே மரத்தடியில் தூங்குவதுதானே என்று கீழே எழுத ஒருவர் வருவார். எங்கள் ஊர்க் கட்டடத்தில் பெரும்பங்கு அந்தப் பணம்தான், அவரும் வந்து பார்க்கலாம்.

வேலை முடியும் தறுவாயில் போய்ப் பார்த்தால் வாஷ்பேசின் என் இடுப்பு உயரத்தில் இருக்கிறது. மூன்று வயதுப் பிள்ளை ஒன்றைக் கூப்பிட்டுப் பக்கத்தில் நிறுத்தினேன். தலை பேசினுக்கு அடியில் நிற்கிறது, கையைத் தூக்கினால்கூட குழாய் எட்டவில்லை. கழிப்பறைக் கோப்பையும் பெரியவர்கள் அளவு. ஓவர்சியர் பார்த்துவிட்டு, "எஸ்டிமேட்ல இப்படித்தாம்மா இருக்கு" என்றார். "சரி சார், அந்த எஸ்டிமேட்டையே கை கழுவச் சொல்லுங்க" என்றேன். அவருக்குக் கோபம். ஆனால் மேஸ்திரி சிரித்துவிட்டு அன்று சாயங்காலமே பேசினைக் கழற்றி இறக்கி வைத்தார். கோப்பையை மாற்ற மட்டும் ரொம்ப நாள் அலைய வேண்டியிருந்தது.

சுற்றுச்சுவருக்கு அந்த 12 லட்சத்தில் இடமில்லை. 'நமக்கு நாமே' திட்டத்தில் மூன்றில் ஒரு பங்கை ஊரே வசூல் செய்து கட்டினோம், மீதியை அரசு கொடுத்தது. திறப்பு விழாக் கல்வெட்டில் பணம் கொடுத்த ஒருவர் பெயரும் இல்லை.

சொல்ல வந்தது அது இல்லை, ஆனாலும் சொல்லிவிடுகிறேன். உறுப்பினர் நான். கூட்டம் என்றால் என் கணவருக்குத்தான் போன் வரும். "மேடத்தைக் கையெழுத்துக்கு மட்டும் அனுப்புங்க சார்." ஐந்து வருஷமும் இதே பாட்டு. ஐம்பது சதவீத ஒதுக்கீடு கொடுத்தும் போன் நம்பரை மட்டும் மாற்ற மனசு வரவில்லை. எல்லா அதிகாரிகளையும் சொல்லவில்லை, நல்லவர்களும் இருந்தார்கள்.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். ஊருக்காகத்தான் கட்ட வேண்டும் என்றால் இடத்தை ஊராட்சிக்குத் தானமாக எழுதிக்கொடுத்து கிராம சபையில் தீர்மானம் போடச் சொல்லுங்கள். அப்புறம் அது உங்கள் சொத்து இல்லை, வீட்டில் கலந்து பேசிவிட்டுச் செய்யுங்கள். தொழிலாக நடத்துவதென்றால் பக்கத்தில் 50 பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் நிறுவனங்களைப் பாருங்கள். மகப்பேறு பயன் சட்டத்தில் 2017-ல் செய்த திருத்தத்தில் வந்து, இப்போது சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பில் இருக்கும் விதிப்படி அவர்கள் காப்பக வசதி தந்தாக வேண்டும், தாய் ஒரு நாளில் நாலு முறை போய்ப் பிள்ளையைப் பார்க்கவும் விட வேண்டும். பலர் சொந்தமாக நடத்தத் தெரியாமல் முழிக்கிறார்கள். அவர்களோடு ஒப்பந்தம் போட்டுக்கொண்டு அப்புறம் மாடியை எழுப்புங்கள்.