மண்நிறச் சுவரும் திருப்பிக் கொடுக்க முடியாத டின்னும்

கேள்வி: தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், சாட்ஸ்வொர்த் பகுதியில் 1960-களில் கட்டிய வீடு எங்களுடையது. தெற்குப் பார்த்த வரவேற்பறைக்குச் செம்மண் சாயல் கொண்ட பழுப்பு நிறம் அடிக்க ஆசை. கடையில் 20 லிட்டர் கலந்து தருவதாகச் சொல்கிறார்கள். பிடிக்காவிட்டால் திருப்பிக் கொடுக்கலாமா?

பதில்: பிடிக்கவில்லை என்பதற்காகத் திருப்பிக் கொடுக்கும் உரிமை உங்களுக்கு இல்லை. உங்களுக்கென்று கலந்த பெயிண்டை வேறு யார் வாங்குவார்கள்? 2008-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் தரக்குறைவுக்குத்தான் துணை நிற்கும்: ஆறு மாதத்துக்குள் பணமோ மாற்றுப் பொருளோ கேட்கலாம். கடைக்காரர் காட்டிய மாதிரியை மட்டும் நம்பி வாங்கினால், டின்னில் இருப்பது அதோடு ஒத்துப்போக வேண்டும் என்பதும் சட்டம். ஆகவே மூடியில் ஒரு தீற்றல் தீற்றி, காய்ந்த பிறகு கடையின் நிற அட்டையோடு ஒப்பிட்டுவிட்டுப் பணத்தைக் கட்டுங்கள். ஈரத்தில் பார்த்தால் நிறம் ஏமாற்றும்.

உங்கள் அறையின் திசைதான் எனக்குக் கவலை. தமிழ்நாட்டுப் பத்திரிகைகளின் யோசனை இங்கே தலைகீழ். பூமியின் தென்பாதியில் இருக்கும் நமக்குச் சூரியன் வடக்கே சாய்ந்து செல்வதால் தெற்கு அறைக்கு நேர்வெயில் குறைவு. அங்கே பழுப்பு சேறு போலத் தெரியலாம். சிவப்போ மஞ்சளோ தூக்கலான சாயலாகத் தேடுங்கள். நிற அட்டையில் ஒளியைத் திருப்பும் அளவைக் குறிக்கும் எண் இருந்தால் கேளுங்கள். கறுப்புக்கு 0, வெள்ளைக்கு 100. எண் குறையக் குறைய அறை இருளும். சிறிய மாதிரி டின் வாங்கி, பெரிய அட்டை ஒன்றில் இரண்டு பூச்சு அடித்து, காலையிலும் விளக்கு போட்ட பிறகும் பாருங்கள். 6500 கெல்வின் வெள்ளை விளக்கில் எந்த மண்நிறமும் செத்துவிடும். 2700 கெல்வின் மஞ்சள் சாயல் விளக்குதான் அதற்கு உயிர்.

20 லிட்டர் எதற்கு? நான்கு சுவருக்கும் அடர்நிறம் அடித்தால் அறை குகையாகிவிடும். ஒரு சுவர் போதும், மற்றவை வெண்ணெய் நிறமாக இருக்கட்டும். 4 மீட்டர் நீளம், 2.6 மீட்டர் உயரம் என்றால் 10.4 சதுர மீட்டர். லிட்டருக்கு 8 சதுர மீட்டர் என்று கொண்டால் மூன்று பூச்சுக்கு நான்கு லிட்டர். ஒரு 5 லிட்டர் டின்னில் முடிந்துவிடும். மூன்று பூச்சு என்று தெரிந்தேதான் சொல்கிறேன். அடர்நிறம் கலக்க எடுக்கும் அடிப்படைப் பெயிண்டில் வெள்ளை நிறமி குறைவு, அதனால் பழைய சுவரை எளிதில் மறைக்காது. முதலில் சாம்பல் சாயல் கலந்த பிரைமர் அடித்தால் ஒரு பூச்சு மிச்சமாகலாம். விற்பவர் இதைத் தானாகச் சொல்வது அபூர்வம்.

வேலையை ஜூன், ஜூலையில் வைத்துக்கொள்ளுங்கள். டர்பனின் கோடைப் புழுக்கத்தில் மெதுவாகக் காயும் அடர்நிறப் பெயிண்டிலிருந்து பிசுபிசுப்பான கோடுகள் வழிவதுண்டு.

கேள்வி: பழைய பெயிண்டை உப்புத்தாளால் உலரவே தேய்க்கலாம் என்கிறார் பெயிண்டர். சரியா?

பதில்: வேண்டவே வேண்டாம். உங்கள் வீட்டு வயதுக்கு அடிப்பூச்சில் நச்சான ஈயம் இருக்க வாய்ப்புண்டு; உலரத் தேய்த்தால் அது தூசியாகப் பறக்கும். குழந்தைகளை வெளியே அனுப்பிவிட்டு, சுவரை நனைத்துத் தேய்க்கச் சொல்லுங்கள். உதிர்வதைத் துடைப்பத்தால் கூட்டாமல் ஈரத்துணியால் வழித்தெடுக்கட்டும். சம்மதிக்காத பெயிண்டருக்கு முன்பணம் கொடுக்காதீர்கள்.