ஹோஸ்டிங்கை மாற்றினால் என் இணையதளம் வேகமாகுமா?

கேள்வி: துணிக்கடைக்காக வேர்ட்பிரஸில் ஒரு தளம் வைத்திருக்கிறேன். மொபைலில் திறக்க வெகுநேரம் ஆகிறது. கூகுளின் வேகச் சோதனையான பேஜ்ஸ்பீடில் மதிப்பெண் 100-க்கு 31. விலை கூடிய ஹோஸ்டிங் (தளத்தை வைத்திருக்கும் சர்வர் வாடகை) வாங்கினால் சரியாகிவிடுமா?

இப்போதைக்கு வாங்காதீர்கள். என் மச்சினன் சின்னாளபட்டியில் சுங்குடிச் சேலை விற்கிறான். அவனும் இதையேதான் கேட்டான், ஒரு வருடத்துப் பணத்தைக் கட்டிவிட்டு வந்து. தளம் பழையபடியே ஊர்ந்தது. "கடை வைஃபையில பறக்குதே மாமா" என்றான். பறக்கத்தான் செய்யும். தினமும் திறக்கிற அவன் போனில் படமெல்லாம் ஏற்கெனவே கேஷில், அதாவது போனே சேமித்து வைக்கும் இடத்தில், கிடக்கிறது. முதல் தடவை வருகிற வாடிக்கையாளருக்குத்தான் எல்லாம் புதிதாக இறங்கியாக வேண்டும்.

கம்ப்யூட்டரில் குரோமைத் திறந்து எஃப்12 அழுத்தி, நெட்வொர்க் பகுதியில் கேஷை அணைத்து, வேகத்தை ஸ்லோ 4ஜி-க்குக் குறைத்து ஏற்றிப் பார்த்தோம். அளவுவாரியாக அடுக்கியதும் மேலே வந்து நின்றவை 5 பேனர்கள். தீபாவளிக்குச் செய்த பிஎன்ஜி படங்கள், ஒவ்வொன்றும் 3 எம்பிக்கு மேல். போனில் அவை தெரிவதோ உள்ளங்கை அகலத்துக்கு. 800 பிக்சல் அகலத்துக்குச் சுருக்கி, வெப்பி என்ற எடை குறைந்த பட வடிவமாக ஆக்கினால் 100 கேபிக்குள் அடங்கிவிட்டது. அதிலும் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு மற்ற நான்கையும் தூக்கிவிட்டோம். நகரும் பேனரில் மூன்றாவது படம் வரும்வரை யார் காத்திருக்கிறார்கள்?

அப்புறமும் அந்த ஒரு பேனர் தாமதமாகவே வந்தது. வேகத்துக்கென்று அவன் வேர்ட்பிரஸில் போட்டிருந்த பிளகின் (கூடுதல் வசதிக்கான துணைநிரல்)தான் காரணம். பக்கத்தின் கீழே இருக்கும் படங்களை, பார்ப்பவர் அங்கே வரும்போது ஏற்றினால் போதும். அதற்குத்தான் லேஸி லோடிங். பிளகினோ முதல் திரையில் தெரிய வேண்டிய படத்தையும் அந்த வரிசையில் தள்ளியிருந்தது. அதற்கு மட்டும் விலக்குக் கொடுத்ததும் சரியானது. எல்லாப் படத்துக்கும் அகலம், உயரம் குறிப்பிட்டுவிடுங்கள். இல்லாவிட்டால் படம் வந்து விழும்போது எழுத்தெல்லாம் கீழே குதிக்கும்.

தமிழ்த் தளம் என்பதால் எழுத்துருவையும் பாருங்கள். இணையத்தில் வழக்கமான யூடிஎஃப்-8 என்ற யூனிகோடு வடிவில் ஒரு தமிழ்க் குறிக்கு 3 பைட், 'கு' போன்ற உயிர்மெய்க்கு 6. அதற்காகப் பயப்பட வேண்டாம், நீளமான கட்டுரைகூட ஒரு பேனரின் எடைக்கு வராது. கனமானது எழுத்துருக் கோப்புதான். ஒரே எழுத்துருவின் 4 தடிமன்களை டிடிஎஃப் என்ற சுருக்காத கோப்பு வடிவில் ஏற்றியிருந்தான். இரண்டே போதும், அதுவும் இணையத்துக்கென்று சுருக்கிய வோஃப்2 வடிவில். வேண்டாத எழுத்துகளை வெட்டிச் சிறிதாக்குகிற கருவிகளில் மட்டும் கவனம். எழுத்துகளைச் சேர்க்கும் விதிகளையும் சேர்த்து வெட்டிவிட்டால் 'கு'வில் ககரம் தனியாகவும் உகரக்குறி தனியாகவும் நிற்கும். நான் ஒருமுறை அப்படி ஆக்கிவிட்டு, 'சுங்குடி'யைத் திரையில் பார்த்து அரண்டு போனேன்.

ஹோஸ்டிங் குற்றவாளியாகும் சந்தர்ப்பமும் உண்டு. அதே நெட்வொர்க் பட்டியலில் முதல் வரியைச் சொடுக்கி, சர்வரிலிருந்து முதல் பைட் வர எவ்வளவு நேரமாகிறது என்று பாருங்கள். வேகக் குறைப்பை எடுத்துவிட்டும் 0.8 நொடியைத் தாண்டினால், முதலில், தயாரான பக்கத்தைச் சேமித்து வைத்துக் கொடுக்கும் பக்கக் கேஷ் பிளகின் ஒன்றைப் போடுங்கள். அப்போதும் குறையாமல், சர்வர் அமெரிக்காவில் இருந்தால், மும்பையில் சர்வர் உள்ள திட்டத்துக்கு மாறுவதில் அர்த்தமிருக்கிறது.

அந்த 31-ஐ நினைத்துத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள். அது சுமாரான போனும் மந்தமான இணைப்பும் இருப்பதாக வைத்துப் போடுகிற ஆய்வகக் கணக்கு. அதே பேஜ்ஸ்பீடு பக்கத்தில் அதற்கு மேலே, கடந்த 28 நாட்களில் உண்மையாக வந்தவர்களின் கணக்கு இருந்தால் அதைப் பாருங்கள் (கூட்டம் குறைவான தளத்துக்கு அது வராது). முக்கியப் படமோ பத்தியோ தெரிய 2.5 நொடி, தட்டினால் அசைய 200 மில்லி நொடி, எழுத்து குதிக்கும் அளவுக்கு 0.1. வருகைகளில் முக்கால்வாசி இதற்குள் அடங்கினால் தேர்ச்சி.

மச்சினன் தளத்தில் மிச்சமிருப்பது மூலையில் குதிக்கும் அந்தச் சாட் பெட்டிதான். இப்போது அந்தப் பக்கத்திலேயே அதிகமான ஜாவாஸ்கிரிப்டை இறக்குவது அதுதான். வாங்குகிறவர்கள் எல்லோரும் வாட்ஸ்அப்பில்தான் வருகிறார்கள். எடுத்துவிடலாமா என்று கேட்டால், "அழகா இருக்குல்ல மாமா" என்கிறான்.